யாரோ ஒருவரின் கணினி

2000களின் நடுப்பகுதியில் கொழும்பின் வெள்ளவத்தைக் காலி வீதியில், சவோய் தியேட்டரிலிருந்து ரொக்சி தியேட்டர் வரை நடந்தால், 'கொமியூனிகேஷன்' என்று பலகை மாட்டிய கடைகளை எண்ணி மாளாது. முன்பக்கம் ஃபோட்டோகொப்பி இயந்திரமும் தொலைபேசி அட்டைகளும். பின்பக்கம் ஒட்டுப்பலகையால் தடுத்த சிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கணினி, அதன் தலையில் கவ்விப் பிடித்த வெப்கேம், பஞ்சு கிழிந்த ஹெட்ஃபோன். ரொறன்ரோவில் இருக்கும் மகனோடும் சூரிச்சில் இருக்கும் தங்கையோடும் பேசுவதற்காக, வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் அங்கே முறை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். விசாவுக்காக மாதக்கணக்கில் லொட்ஜில் காத்திருந்தவர்களுக்குக் குடும்பம் கூடும் இடமே அந்தத் தடுப்பறைதான்.

2003 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்கைப், அந்தப் பேச்சின் செலவை அடியோடு குறைத்தது. ஆனால் குரல் எந்த வழியாகப் போனது என்பதை அங்கே பேசியவர்களில் அநேகர் அறிந்திருக்க நியாயமில்லை. வெள்ளவத்தையில் கிளம்பிய 'சாப்பிட்டியா தம்பி?' பல வேளைகளில் நேரே ரொறன்ரோவுக்குப் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியேறி, பிறகுதான் மகனின் காதை அடைந்தது. அந்தக் கணினி மிலானில் இருந்திருக்கலாம், சிங்கப்பூரில் இருந்திருக்கலாம்.

கடையில் இருந்த கணினிக்கு இணையத்தில் சொந்த முகவரி இல்லை. அங்குள்ள எல்லாக் கணினிகளும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் நின்று ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டன. உள்ளேயிருந்து வெளியே தொடர்பு எடுக்கலாம். வெளியே இருப்பவர் நேரே உள்ளே வர முடியாது. ரொறன்ரோ வீட்டிலும் அதே நிலைமை. அப்படியானால் யார் யாரை அழைப்பது? இரு பக்கத்தாரும் போய்ச் சேரக்கூடிய மூன்றாவது கணினி ஒன்று நடுவில் இருக்க வேண்டும். தொலைபேசி நிறுவனம் என்றால் அதற்குக் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு நிலையம் கட்டியிருக்கும். ஸ்கைப் கட்டவில்லை.

சுவீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் ஃபிரீஸ் ஆகிய இருவரும் எஸ்தோனியப் பொறியாளர்கள் சிலரும்தான் ஸ்கைப்பை உருவாக்கினார்கள். பாட்டுக் கோப்புகளைப் பகிர்வதற்கான கஸா மென்பொருளை அதற்கு முன் உருவாக்கியவர்களும் இவர்களே. ஸ்கைப் நிறுவிய கணினிகளிலேயே வேகமான இணைப்பும் பொது முகவரியும் உள்ளவற்றை மென்பொருள் தானாகத் தேர்ந்து 'சூப்பர்நோட்' ஆக்கிக்கொண்டது. யார் இப்போது இணைப்பில் இருக்கிறார் என்ற விவரத்தை அவை வைத்திருந்தன. வேண்டியபோது குரலையும் இப்படிப்பட்ட கணினிகளே சுமந்தன. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சல்மான் பாசெட், ஹென்னிங் ஷுல்ஸ்ரின் ஆகிய இருவரும் 2004இல் ஸ்கைப்பின் தரவுப் போக்குவரத்தைக் கூர்ந்து ஆராய்ந்து இந்த அமைப்பை விளக்கினார்கள். குரல் மறையாக்கப்பட்டிருந்ததால் நடுவிலிருந்த கணினியின் சொந்தக்காரருக்கு ஒரு சொல்லும் கேட்காது. தன் கணினி இன்னொருவரின் அழைப்பைச் சுமக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. மென்பொருளை நிறுவும்போது படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, அவ்வளவே. தங்கள் கணினிகள் இப்படி ஊருக்கெல்லாம் உழைப்பதைக் கண்ட சில பல்கலைக்கழகங்கள் ஸ்கைப்புக்குத் தடை போட்டன.

உலகின் மேசைகளில் சும்மா கிடக்கும் கணினித் திறனை ஒன்று சேர்த்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது ஒரு பெரிய சான்று. அந்தத் திறன் எவ்வளவு எளிதில் கைவிட்டுப் போகும் என்பதையும் ஸ்கைப்பே காட்டியது, அதுவும் இரண்டு முறை.

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வெள்ளவத்தையில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறாரா என்று வெளிநாட்டு உறவுகள் ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி ஸ்கைப் விழுந்தது. விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று வந்து, உலகெங்கும் ஏராளமான கணினிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அணைந்து எழுந்தன. சூப்பர்நோட்டுகளும் அந்தக் கணினிகள்தானே! அவையும் அணைந்தன. எழுந்த கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்நுழைய முட்டிமோதின. மென்பொருளில் அதுவரை கண்ணில் படாமல் கிடந்த பிழை ஒன்று நிலைமையை இன்னும் மோசமாக்க, வலையமைப்பு தேறுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் பிடித்தது.

இரண்டாவது விழுகை 2010 டிசம்பர் 22இல், நத்தாருக்கு மூன்று நாள் இருக்கும்போது. கொழும்பின் கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் நட்சத்திரக் கூடுகள் தொங்கும் வாரம்; வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் வாரம். உடனடிச் செய்திகளைக் கையாளும் சில சேர்வர்கள் திணறி, பதிலைத் தாமதமாக அனுப்பின. விண்டோஸுக்கான ஸ்கைப்பின் 5.0.0.152 பதிப்புக்கு அந்தத் தாமதத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை, அது செயலிழந்தது. பயனரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வைத்திருந்தது அதே பதிப்பு. சூப்பர்நோட்டுகளில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை ஒரே அடியில் போயின. மிஞ்சியவற்றின் மேல் வழக்கத்தைவிட 100 மடங்கு சுமை ஏறவே, அவையும் தங்களைக் காத்துக்கொள்ள ஒதுங்கின. கடைசியில் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் சொந்தச் சேர்வர்களைப் பெருந்தொகையில் சூப்பர்நோட்டுகளாக நிறுத்தித்தான் வலையமைப்பை மீட்டார்கள்.

மையமே இல்லாத வலையமைப்பு எதனாலும் விழாது என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளும் அந்த நம்பிக்கையின் ஓட்டையைக் காட்டுகின்றன. ஆயிரமாயிரம் கணினிகள் இருந்தாலும் அவை அனைத்திலும் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பு ஓடினால், ஒரே பிழை எல்லாவற்றையும் சாய்த்துவிடும். மைக்ரோசொஃப்ட் 2011இல் 850 கோடி டொலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. 2012 அளவில் சூப்பர்நோட் வேலை நிறுவனத்தின் சொந்த லினக்ஸ் சேர்வர்களுக்கு மாற்றப்பட்டது. அதற்குள் மக்கள் பேச்சைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பற்றரியில் ஓடும் கைபேசி அடுத்தவரின் அழைப்பைச் சுமந்தால் அரை நாளும் தாங்காது. 2025 மே 5ஆம் திகதி ஸ்கைப் சேவை மொத்தமாக மூடப்பட்டது.

அழைப்பு என்பது பொறுக்காத வேலை. அரை விநாடி தாமதித்தாலே பேச்சு குழம்பிப்போகும். கணிப்பு வேலைகளில் பெரும் பகுதி அப்படியல்ல. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு முடிந்தாலும் போதும். அறிமுகமில்லாதவர்களின் ஓய்வுக் கணினிகளுக்குப் பொருந்துவது இந்தப் பொறுக்கும் வேலைதான். இதை முதலில் உலகறியச் செய்தது கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1999 மே 17இல் தொடங்கிய செற்றி அட் ஹோம்.

போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி, ஹைட்ரஜன் அணுவின் 1420 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி வானத்தின் வானொலி இரைச்சலைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அதற்குள் வேற்றுலகத்தாரின் சமிக்ஞை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதற்கு மீகணினி வாங்கப் பணம் இல்லை. டேவிட் ஆண்டர்சனும் டான் வெர்த்திமரும் பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு துண்டில் 107 விநாடி வானம். அளவு ஏறத்தாழ 350 கிலோபைட். அந்நாளைய டயல்-அப் இணைப்பிலும் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். பிறகு இணைப்பைத் துண்டித்துவிடலாம். கணினி தன் ஓய்வு நேரத்தில் மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் அந்தத் துண்டை அலசி, மிகச் சிறிய முடிவு ஒன்றைத் திருப்பி அனுப்பும். ஒரு துண்டை அலச அடுத்த துண்டு தேவையில்லை என்பதுதான் இதன் அடித்தளம். தரவு கொஞ்சம், கணிப்பு ஏராளம், அவசரம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் மெதுவான இணைப்பு ஒரு குறையே அல்ல. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்தார்கள். 2020 மார்ச் 31இல் துண்டுகளை அனுப்புவது நிறுத்தப்படும்வரை வேற்றுலகத்தார் யாரும் அகப்படவில்லை. ஆனால் அதற்காக எழுதப்பட்ட போயிங்க் என்ற பொது மென்பொருள் இன்றும் பல அறிவியல் திட்டங்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொழும்பில் பெண்கள் சீட்டுப் பிடிக்கும்போது ஆளை ஆள் தெரியும். ஏமாற்றினால் அடுத்த தெருவில் முகம் காட்ட முடியாது. வலையமைப்பில் முகமே இல்லை. செற்றி அட் ஹோமின் தரவரிசையில் முன்னேறுவதற்காகக் கணிக்காமலே பொய் முடிவு அனுப்பியவர்களும் இருந்தார்கள். சூடேறிய சில்லு தன்பாட்டில் தவறு செய்வதும் உண்டு. போயிங்க் அதற்குக் கண்ட வழி, ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு அனுப்புவது. இரண்டு முடிவும் ஒத்தால் ஏற்பது. ஒவ்வாவிட்டால் மூன்றாமவருக்கு அனுப்புவது. கிடைத்த திறனில் பாதி சரிபார்ப்புக்கே போய்விடும். நம்பிக்கை இல்லாத இடத்தில் வேலை செய்வதற்கான விலை அது.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது மே மாதம் வரை நீண்டது; ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் மறுபடியும் போனது. உலகமே வீட்டுக்குள் இருந்த அந்த வசந்தத்தில்தான் ஃபோல்டிங் அட் ஹோம் வெடித்து வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே 2000இல் தொடங்கிய திட்டம் அது. புரத மூலக்கூறு எப்படி மடிகிறது, அசைகிறது என்பதைக் கணிக்கும். தொற்றுக்கு முன் ஏறத்தாழ 30,000 கணினிகள் இருந்த இடத்தில், கிரெக் பௌமன் தலைமையில் கொரோனா வைரசை ஆராயப் போகிறோம் என்று அறிவித்ததும் பத்து இலட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. விநாடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் போடும் அளவு கணக்குகள் என்ற எக்சா எல்லையை முதலில் தாண்டியது எந்த அரசின் மீகணினியும் அல்ல. வீட்டுக் கணினிகளின் இந்தக் கூட்டம்தான். ஏப்ரலில் அது 2.4 எக்சாஃப்ளொப்ஸைத் தொட்டது. வைரசின் ஸ்பைக் புரதம் எவ்வளவு அகலமாக வாய் திறக்கிறது என்பதும், மருந்து போய் ஒட்டக்கூடிய 50க்கும் மேற்பட்ட மறைவான பள்ளங்களும் அந்தக் கணிப்பில் தெரியவந்தன.

அங்கேயும் மையம்தான் திணறியது. உதவ வந்த கணினிகள் பெருகப் பெருக, வேலையைத் துண்டாக்கி அனுப்பும் சேர்வர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பல வாரங்கள் தன்னார்வலர்களின் கணினிகள் வேலை கிடைக்காமல் காத்திருந்தன.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான கணிப்பு ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் மழை கொட்டி, சென்னை மூழ்கியது. இது புவி வெப்பமாதலின் விளைவா? ஒக்ஸ்ஃபோர்டின் வெதர் அட் ஹோம் தன்னார்வலர் கணினிகளில் காலநிலை மாதிரியை இன்றைய உலகுக்கு ஒரு முறையும், மனிதர் புகை விடாத உலகுக்கு ஒரு முறையுமாகத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. ஃப்ரீடெரிக் ஒட்டோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதையும் மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த ஒருநாள் மழையில் வெப்பமாதலின் தடம் தென்படவில்லை. காற்றிலுள்ள தூசுத் துகள்கள் அதன் விளைவை இதுவரை மறைத்திருக்கலாம் என்றார்கள். எதிர்பார்த்த விடை வராதபோதும் அப்படியே வெளியிட்டது இந்த முறையின் மதிப்பைக் கூட்டுகிறது.

இனி, வெள்ளவத்தையில் ஒருவர் தன் கணினியை இப்படிக் கொடுக்க விரும்பினால்? 'சும்மா கிடக்கும் திறன்' என்கிறோமே, அது இலவசம் அல்ல. சும்மா இருக்கும் மேசைக் கணினியைவிட முழு மூச்சில் உழைக்கும் கணினி 100 வாற் அதிகம் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இராப்பகலாக 30 நாள் ஓடினால் 72 அலகு. மாதம் 90 அலகு எடுக்கும் வீடு 162க்குத் தாவும். இலங்கையில் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் கூடிய அலகுகள் எல்லாம் விலை கூடிய படியில் விழும். மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூடியதை இந்த வீடுகள் மறக்கவில்லை. பனிநாட்டில் கணினி விடும் சூடு அறையைக் கதகதப்பாக்கும். கொழும்பில் அதே சூட்டை வெளியேற்ற இன்னொரு மின்விசிறி வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது பகிர்வதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் பொறுக்கும் வேலைக்கு மின்வெட்டு எமன் அல்ல. போயிங்க் தன் கணிப்பை அவ்வப்போது வட்டில் சேமிக்கும். மின் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாளின் எந்த மணியில் ஓட வேண்டும் என்றும் அதற்குச் சொல்லிவைக்கலாம். இதில்தான் கொழும்புக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை விழுந்து, வெயில் மட்டும் தாராளமாக அடித்தபோது, கூரைச் சூரிய மின்கலங்களைப் பிற்பகல் 3 மணி வரை அணைத்துவைக்கும்படி மின்சார சபையே வேண்டிக்கொண்டது. வேண்டாம் என்று தள்ளிய அந்த மின்சாரம்தான் உண்மையான உபரி. காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டும் கணினி உழைக்கட்டும் என்று வைத்தால், மேலே போட்ட 72 அலகுக் கணக்கு 12 அலகாகச் சுருங்கும். அதையும் கூரையே கொடுத்துவிடும்.

திறனைக் கொடுத்துக் காசு வாங்கும் சந்தைகளும் உண்டு. போலந்தில் பிறந்த கோலெம் 2016இல் அதற்கான நிதியைத் திரட்டி, 2018இல் இயங்கத் தொடங்கியது. ஒருவரின் படக் கணிப்பை இன்னொருவரின் கணினி செய்யும். கிரிப்டோ நாணயத்தில் கூலி வரும். தரவு நிலையங்களின் மலிவோடும் உறுதியோடும் வீட்டுக் கணினி போட்டிபோடுவது கடினம் என்பதால், கொழும்பு மின் கட்டணத்தில் இதை வருமானமாக எண்ணிக் காசு போடச் சொல்ல மனம் வரவில்லை. கேட்காமலே எடுத்தவர்களும் இருந்தார்கள். 2017இல் வந்த கொயின்ஹைவ் நிரல், இணையப் பக்கத்தைத் திறந்தவரின் கணினியை அவருக்குத் தெரியாமல் நாணயம் தோண்ட வைக்கப் பரவலாகப் பயன்பட்டு, 2019 மார்ச்சில் மூடப்பட்டது. கேட்டு வாங்குவதும் கேளாமல் எடுப்பதும் தொழில்நுட்பத்தில் ஏறத்தாழ ஒன்றே. அதனால்தான் சம்மதத்தை ஒப்பந்தத்தின் அடியில் ஒளிக்கக் கூடாது.

தமிழ் வாசகர் உற்றுக் கவனிக்க வேண்டிய செய்தி வங்க மொழியிலிருந்து வருகிறது. 2021இல் 40 தன்னார்வலர்கள் தங்களுக்குக் கிடைத்த கணினிகளையும் இலவச இணையக் கணினிகளையும் இணைத்து, சகஜ்பேர்ட் என்ற வங்க மொழி மாதிரியைப் பயிற்றினார்கள். கணினிகள் நினைத்தபோது வந்தன, நினைத்தபோது போயின. ஒவ்வொன்றும் தன் பங்கைக் கற்று, கற்றதை மற்றவற்றோடு பகிர்ந்து சராசரியாக்கியது. இந்த வழியை வகுத்த ஆய்வாளர்களில் சிலர் 2022இல் பெற்றல்ஸ் என்ற வலையமைப்பைக் கொண்டுவந்தார்கள். 17,600 கோடி எண்களால் ஆன புளூம் என்ற மாதிரியை முழுதாக வைக்க 350 கிகாபைட் நினைவகம் வேண்டும். அது எந்த வீட்டிலும் இராது. அதன் 70 அடுக்குகளைப் பலர் பங்கிட்டு வைத்துக்கொண்டால் கூட்டாக ஓட்டலாம். புளூம் கற்ற மொழிகளில் தமிழும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சொல்துண்டும் அடுக்கடுக்காகப் பல வீடுகளைக் கடந்து வர வேண்டும். இது ஸ்கைப்பைப்போலப் பொறுக்காத வேலை. கொழும்புக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் போய்வரும் தாமதம் இதில் ஒவ்வொரு முறையும் உறைக்கும்.

பொறுக்கும் வேலை தமிழில் வேண்டியமட்டும் கிடக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து பகிர்ந்ததால் வளர்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடிச் சேமித்துவருகிறது. வருடிய பக்கம் வெறும் படம். அதற்குள் ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் எழுத்துணரி அதைப் படித்து எழுத்தாக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் படிக்க அடுத்த பக்கம் தேவையில்லை. படம் சிறிது, கணிப்பு பெரிது, அவசரம் இல்லை. செற்றி அட் ஹோமுக்குப் பொருந்திய எல்லாம் இதற்கும் பொருந்தும். வெள்ளவத்தையில் ஒரு கணினியும் ரொறன்ரோவில் ஒரு கணினியும் ஒரே பக்கத்தை வெவ்வேறு மென்பொருளால் படிக்கட்டும். ஒத்த வரிகள் ஏற்கப்படும். ஒவ்வாதவை மட்டும் மனிதக் கண்ணுக்கு வரும். மை மங்கிய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றாகவே தெரியும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, கொம்பு சுழித்த ணை, லை, னை வடிவங்களில் இன்றைய எழுத்தை மட்டும் பார்த்த மென்பொருள் தடுக்கி விழும். அந்த வரிகளைத் தீர்க்க, பழைய எழுத்தில் பாடம் படித்த தலைமுறை வேண்டும். அவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள் என்பதால், இந்த வேலையை இன்னும் பத்து வருடத்துக்குத் தள்ளிப்போட முடியாது.